பிலிப்பைன்ஸுக்கு மிஷனரியாகப் போகிறவர்களுக்கு: முதல் ஆறு வாரங்கள்

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் ஊழிய அழைப்பு பெற்று, முதல் முறையாக நாட்டை விட்டுக் கிளம்பும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். எந்த நாட்டுக்கு அழைப்பு வரும் என்பது நம் கையில் இல்லை. நான் ஊழியம் செய்த நாடு பிலிப்பைன்ஸ் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். வேறு நாட்டுக்குப் போகிறவர்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையை அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் இதில் சில விஷயங்கள் இருக்கின்றன.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் ஆறு வாரங்களில் எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தோம் என்று கணக்குப் பார்க்காதீர்கள். அந்த வாரங்கள் கற்றுக்கொள்வதற்காகத்தான். குடிதண்ணீர் எங்கே வாங்குவது, மழையில் எந்தச் செருப்பு, பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவரோடு எப்படிப் பேசுவது, பெரியவர்களை எப்படிக் கூப்பிடுவது என்பதெல்லாம் பழகிவிட்டால் போதிப்பது தானாகக் கூடி வரும். இவற்றை விட்டுவிட்டுப் பாடங்களை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர்கள்தான் மூன்றாவது வாரத்தில் துவண்டுவிடுகிறார்கள்.

போகும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். 1961 ஏப்ரல் 28 அன்று மணிலாவில் உள்ள அமெரிக்கப் போர் வீரர் கல்லறைத் தோட்டத்தில் பின்னாளில் நம் சபையின் தலைவரான கார்டன் பி. ஹிங்க்லி நடத்திய கூட்டத்தோடு அங்கே நம் ஊழியம் முறையாகத் தொடங்கியது. அந்தக் கூட்டத்தில் இருந்த உள்நாட்டு உறுப்பினர் ஒரே ஒருவர். இன்று எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். அமெரிக்கா, மெக்சிகோ, பிரேசிலுக்கு அடுத்த இடம். அதனால் நம் ஊரில் போல "அது என்ன சபை?" என்ற கேள்வி அங்கே குறைவு. வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர் அட்டையும் பார்த்தாலே பல ஊர்களில் அடையாளம் தெரிந்துகொள்வார்கள். 2020 கணக்கெடுப்பின்படி மக்களில் 78.8 சதவீதம் கத்தோலிக்கர். வேதாகமத்தை மதிக்கும் நாடு, ஜெபம் செய்யலாமா என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்காத நாடு.

கிளம்புவதற்கு முன்

விசா வேலையைச் சபை அலுவலகம் பார்த்துக்கொள்ளும். நீங்கள் செய்ய வேண்டியது, கேட்கும் காகிதத்தைக் கேட்ட அன்றே அனுப்புவது. பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், தடுப்பூசிச் சான்று, கண்ணாடிப் பவர், வழக்கமாகச் சாப்பிடும் மருந்தின் சீட்டு எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வீட்டில் வையுங்கள். அங்கே போன பிறகு வெளிநாட்டவருக்கான பதிவு அட்டை ஒன்று தருவார்கள். அதை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும்.

துணிமணிப் பட்டியல் அழைப்போடு வரும். அதற்கு மேல் நான் சொல்வது மூன்றே விஷயம். சட்டைகள் பருத்தி கலந்ததாக, துவைத்தால் சீக்கிரம் காய்வதாக இருக்கட்டும். மழைக்காலத்தில் துணி இரண்டு நாள் கொடியில் தொங்கினாலும் ஈரம் போகாது. காலணியில் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். நாள் முழுக்க நடை, அதுவும் தண்ணீர் தேங்கிய தெருவில். தண்ணீரைத் தாங்கும் அடிப்பாகம் உள்ளதாக இரண்டு ஜோடி வாங்கி, வீட்டிலேயே போட்டுப் பழக்கிவிட்டுக் கொண்டுபோங்கள். மூன்றாவது, மின்செருகி. அங்கேயும் 220 வோல்ட்தான், ஆனால் துளைகள் தட்டையான இரண்டு முனைக்கானவை. நம் உருண்டை முனைச் செருகி அதில் நுழையாது. இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும் மாற்றுச் செருகி ஒன்றை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊறுகாய், பருப்புப் பொடி என்று அம்மா கட்டிக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஒரு சிறு பாட்டில், ஒரு பொட்டலம் போதும். அந்த ஒரு பாட்டில் முதல் மாதத்தில் என்ன ஆறுதல் தரும் என்பது சாப்பிட்டவர்களுக்குத்தான் தெரியும்.

சமையல் தெரியாதவர்கள் சோறு, ஒரு குழம்பு, ஒரு பொரியல், முட்டை இந்த நான்கையாவது கற்றுக்கொண்டு கிளம்புங்கள். துணி துவைக்க, பொத்தான் தைக்க, இஸ்திரி போடத் தெரிந்திருக்க வேண்டும். நம் வீடுகளில் ஆண்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. அந்தக் குறையின் பாரம் அங்கே கூட இருப்பவர் தலையில்தான் விழும்.

பயிற்சி மையம்

மணிலாவை ஒட்டிய கேசோன் நகரில், ஆலயத்துக்கு எதிரிலேயே பயிற்சி மையம் இருக்கிறது. 1983 முதல் நடக்கிறது. தெரிந்த மொழியில் ஊழியம் செய்கிறவர்களுக்கு மூன்று வாரம் போலவும், புதிய மொழி படிக்கிறவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகவும் பயிற்சி. தொடக்க நாட்களை வீட்டிலிருந்தபடியே இணையத்தில் முடித்துவிட்டுப் போகும் ஏற்பாடும் இருக்கிறது. அங்கே எல்லாம் நேரத்துக்கு நடக்கும், சாப்பாடு தட்டில் வரும், ஆசிரியர்கள் நீங்கள் சொல்வதைப் புரிந்துகொள்வார்கள். அதனால் மொழி வந்துவிட்டது என்ற நினைப்பும் வந்துவிடும். ஊருக்குப் போனதும் முதல் வீட்டிலேயே ஒரு பாட்டி பேசுவதில் நான்கு சொல்கூடப் பிடிபடாது. பயப்பட வேண்டாம், எல்லோருக்கும் அப்படித்தான்.

மிஷனில் வந்திறங்கும் நாள்

மிஷன் என்பது நீங்கள் ஊழியம் செய்யப்போகும் வட்டாரம். அதைப் பார்த்துக்கொள்ளும் மிஷன் தலைவரும் அவர் மனைவியும் உங்களை வரவேற்பார்கள். அன்றோ மறுநாளோ தலைவர் தனியாக உட்கார்ந்து பேசுவார். உடம்புக்கு ஏதாவது தொந்தரவு இருந்தால், மனசில் சோர்வோ பதற்றமோ முன்பு வந்திருந்தால், அந்தப் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று மறைக்கிறவர்கள் உண்டு. தெரிந்தால்தான் அவர் அதற்கேற்ற ஊரையும், அதற்கேற்ற ஆளையும் பார்த்துச் சேர்த்துவைக்க முடியும்.

அடுத்து உங்கள் பயிற்சியாளர், அதாவது உங்களோடு தங்கி ஊழியம் செய்யும் அனுபவமுள்ள மிஷனரி, யார் என்று அறிவிப்பார்கள். முதல் 12 வாரங்களுக்கு ஒரு பயிற்சித் திட்டம் இருக்கிறது. அந்தக் காலத்தில் தினமும் கூடுதல் படிப்பு நேரம் உண்டு. அவசரத்தில் முதலில் வெட்டுப்படுவது அந்த நேரம்தான். விடாதீர்கள். "இன்று படிப்பை முடித்துவிட்டுப் போகலாமா?" என்று புதியவர் கேட்டால் எந்தப் பயிற்சியாளரும் மறுக்க மாட்டார்.

வீடு

வாடகை வீட்டை மிஷன் அலுவலகம் பார்த்து வைத்திருக்கும். போன அன்றே பார்க்க வேண்டியவை: கதவுப் பூட்டு, சன்னல் கம்பி, கொசுவலை, எரிவாயு உருளையின் குழாய், வெளியே போக இரண்டாவது வழி. ஏதாவது சரியில்லை என்றால் பொறுத்துப்போகாமல் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. தெருவுக்குத் தெரு சுத்திகரித்த தண்ணீர் நிரப்பும் கடை இருக்கும். நீல நிறப் பெரிய கேன்களை வீட்டிலேயே கொண்டுவந்து வைப்பார்கள். பல் துலக்கவும் அதையே பயன்படுத்துங்கள், முதல் சில வாரங்களுக்காவது. வாளியும் மக்கும் வைத்துக் குளிப்பது நமக்குப் பழக்கம்தான், அங்கேயும் அதுவே. அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் அதற்கே ஒரு வாரம் தடுமாறுவார்கள், அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கொசுவை அலட்சியம் செய்யாதீர்கள். டெங்கு அங்கே ஆண்டு முழுவதும் இருக்கிறது. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினோ ஐபுப்ரோஃபெனோ எடுக்கக் கூடாது, டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவை அது கூட்டிவிடும். அன்றே மிஷனின் சுகாதாரப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். நாய் கடித்தாலோ கீறினாலோ பதினைந்து நிமிடம் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவிவிட்டு, அன்றே விலங்குக்கடி சிகிச்சை மையத்துக்குப் போக வேண்டும். "சின்னக் கீறல்தானே" என்று சொல்லவே கூடாத விஷயம் இது. அந்த நாட்டில் வெறிநோய் இன்னும் உயிரைப் பறிக்கிறது.

ஒரு நாள் எப்படிப் போகும்

காலை ஆறரைக்கு எழுந்து உடற்பயிற்சி, காலை உணவு, பிறகு தனிப்படிப்பு, கூட்டுப்படிப்பு, மொழிப்படிப்பு. அதன் பிறகு வெளியே. இரவு ஒன்பது மணி வாக்கில் வீடு, மறுநாள் திட்டம், பத்தரைக்கு விளக்கு அணைப்பு. உள்ளூர் நிலைமைக்கேற்ப மிஷன் தலைவர் இதைச் சற்று மாற்றியிருப்பார்.

தூக்கத்தை மட்டும் திருடாதீர்கள். முதல் வாரங்களில் வேறு மொழியைக் கேட்டுக்கொண்டே இருப்பதே பெரிய உழைப்பு, மாலை நான்கு மணிக்குத் தலை கனத்துவிடும். பத்தரைக்குப் படுத்தால்தான் மறுநாள் காது வேலை செய்யும்.

வாரத்தில் ஒரு நாள் ஆயத்த நாள். அதை அங்கே எல்லோரும் பி டே என்றுதான் சொல்வார்கள். துணி துவைக்க, சந்தைக்குப் போக, முடி வெட்ட, வீட்டோடு பேச அந்த நாள். மாலை ஆறு மணிக்கு மேல் மறுபடி ஊழியம். காலையிலேயே துணியை ஊறவைத்துவிட்டால் மீதி நாள் உங்களுடையது.

கம்பானியன்

கம்பானியன் என்றால் உங்களோடு ஜோடியாக ஊழியம் செய்யும் மிஷனரி. முதல் வாரங்களில் மிகக் கடினமான பாடம் இதுதான் என்பேன். இருபத்து நான்கு மணி நேரமும், ஒருவரை ஒருவர் பார்க்கும் தூரத்தில், கேட்கும் தூரத்தில், நீங்கள் தேர்ந்தெடுக்காத ஒருவரோடு வாழ வேண்டும். அவர் செபுவிலிருந்து வந்தவராக இருக்கலாம், யூட்டாவிலிருந்தோ டோங்காவிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். அவர் குறட்டை விடலாம். காலையில் ஒரு வார்த்தை பேசாதவராக இருக்கலாம். உங்கள் சமையல் வாசனை அவருக்குப் பிடிக்காமல் போகலாம், அவர் வறுக்கும் கருவாட்டு வாசனை உங்களுக்கு.

முதல் நாள் இரவே உட்கார்ந்து சில விஷயங்களைப் பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். யார் எந்த நாள் சமைப்பது, பாத்திரம் யார் கழுவுவது, சந்தைப் பணம் எப்படிப் பங்கு, காலையில் குளியலறை யாருக்கு முதலில். சின்ன விஷயங்கள்தான், ஆனால் சண்டை வருவதெல்லாம் இவற்றில்தான். வேதத்தைப் பற்றி இரண்டு மிஷனரிகள் சண்டையிட்டு நான் பார்த்ததில்லை. கழுவாத சட்டிக்காக மூன்று நாள் பேசாமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வாரத் திட்டத்தின் கடைசியில் இருவரும் ஒருவருக்கொருவர் மனம் திறந்து பேச ஒரு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் முதலில் அவரிடம் நீங்கள் கண்ட நல்லதைச் சொல்லுங்கள். அப்புறம், "என்னால் உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும்போது பதில் சொல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு: வயதில் மூத்தவரிடம் குறை சொல்வது மரியாதைக் குறைவு என்று எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக்கொள்வார்கள், பிறகு ஒரு நாள் வெடிப்பார்கள். அந்தந்த வாரமே மெதுவாகச் சொல்லிவிடுவது எவ்வளவோ நல்லது.

ஒரு எல்லையும் இருக்கிறது. கம்பானியன் கையை ஓங்கினாலோ, இழிவாகப் பேசினாலோ, பாதுகாப்பு விதிகளை மீறச் சொன்னாலோ, அதைப் பொறுத்துக்கொள்வது ஊழியம் ஆகாது. மிஷன் தலைவரின் எண் உங்கள் தொலைபேசியில் இருக்கும். எந்த நேரமும் கூப்பிடலாம்.

மொழி

உங்களுக்கு வந்திருப்பது எந்த மொழி என்று முதலில் பாருங்கள். மணிலாவைச் சுற்றி டகாலோக், செபு பக்கம் செபுவானோ, வடக்கே இலோகானோ. நாட்டில் இன்னும் பல மொழிகள் இருக்கின்றன. டகாலோக் ஊருக்குப் போகிறவர்களுக்காகச் சில சொற்களைத் தருகிறேன்.

காலை வணக்கத்துக்கு "மகந்தாங் உமாகா போ". நன்றிக்கு "சலாமத் போ". ஆம் என்பதற்குப் பெரியவர்களிடம் "ஓபோ". அந்த "போ" மரியாதைக்கானது. பெரியவர்களிடமும் முன்பின் தெரியாதவர்களிடமும் அதை விடவே கூடாது. செபுவானோவில் இந்தப் "போ" கிடையாது, அங்கே போகிறவர்கள் அந்த ஊர் வழக்கத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் அங்கேயும் இல்லை என்பது நமக்குப் பெரிய வசதி. உங்களைவிடக் கொஞ்சம் மூத்த ஆணை "குயா", பெண்ணை "ஆத்தே" என்பார்கள். அப்பா அம்மா வயதுக்காரர்களை "தாதாய்", "நனாய்". தாத்தா பாட்டியை "லோலோ", "லோலா". மூத்தவர்களைச் சந்திக்கும்போது "மானோ போ" என்று சொல்லி, அவர்கள் கையை எடுத்து நம் நெற்றியில் வைத்துக்கொள்வது வழக்கம். சபைக் குடும்பங்களில் பிள்ளைகள் அதைச் செய்வதைப் பார்த்து நீங்களும் செய்யுங்கள். அந்த வீட்டு லோலாவின் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

படிக்கும் முறையில் எனக்குப் பலன் தந்தவை இவை. முதல் நாளிலிருந்தே ஜெபத்தை அந்த மொழியில் செய்யுங்கள். "அமா நமின் சா லங்கித்" என்று தொடங்கினால் அடுத்து இரண்டு வாக்கியமாவது வரும், தினமும் ஒன்று கூடும். சட்டைப் பையில் சிறு நோட்டு வையுங்கள். தெருவில் கேட்டு விளங்காத சொல்லை எழுதிக்கொண்டு, இரவில் கம்பானியனிடம் கேளுங்கள். மார்மன் புஸ்தகத்தை அந்த மொழியில் தினமும் அரைப் பக்கம் வாய்விட்டு வாசியுங்கள், பக்கத்தில் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு. குழந்தைகளோடு பேசுங்கள். அவர்கள் உங்களைத் திருத்தத் தயங்க மாட்டார்கள், ஒரே சொல்லைப் பத்து முறை சொல்லவும் சலிக்க மாட்டார்கள்.

பிலிப்பைன்ஸில் ஆங்கிலம் ஓரளவு எல்லோருக்கும் தெரியும் என்பது புதியவருக்கு ஒரு கண்ணி. நீங்கள் திணறினால் அவர்கள் இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறுவார்கள், நீங்களும் நிம்மதியாகப் பின்தொடர்வீர்கள். ஆறு மாதம் கழித்தும் மொழி வராதவர்களின் கதை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. அவர்கள் ஆங்கிலத்தில் கேட்டாலும் நீங்கள் உடைந்த டகாலோக்கில் பதில் சொல்லுங்கள்.

தெருவில்

வீட்டு வாசலில் கதவைத் தட்டுவதில்லை. வெளிக் கேட்டருகே நின்று "தாவோ போ!" என்று குரல் கொடுக்க வேண்டும். யாராவது வந்தால் பேச்சு. வராவிட்டால் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஒரு பெண் மட்டும் தனியாக இருக்கும் வீட்டுக்குள் எல்டர்கள், அதாவது ஆண் மிஷனரிகள், போகக் கூடாது. கேட்டருகிலேயே நின்று பேசி, கணவரோ மற்றவர்களோ இருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு வரலாம். ஆண் மட்டும் தனியாக இருக்கும் வீட்டில் சகோதரிகளுக்கும், அதாவது பெண் மிஷனரிகளுக்கும், அதே முறைதான்.

புதிய பகுதிக்குப் போனால் பாராங்கைத் தலைவரைப் போய்ப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு வருவது நல்லது. பாராங்கை என்பது அங்கே நிர்வாகத்தின் அடிமட்ட அலகு, நம் ஊர் வார்டு போல. உங்கள் முகம் அவருக்குத் தெரிந்திருந்தால் ஏதாவது பிரச்சினையின்போது உதவிக்கு ஆள் இருக்கும்.

போக்குவரத்துக்கு ஜீப்னியும் (பலர் சேர்ந்து போகும் நீளமான ஜீப்) டிரைசிக்கிளும் (பக்கத்துப் பெட்டி வைத்த மோட்டார் சைக்கிள்). ஜீப்னியில் காசை முன்னால் இருப்பவரிடம் நீட்டி "பயாத் போ" என்றால் கை மாறிக் கை மாறி ஓட்டுநருக்குப் போகும், மீதியும் அதே வழியில் திரும்பி வரும். இறங்க "பாரா போ". சில்லறை வைத்திருங்கள். மோட்டார் சைக்கிள் டாக்சியில் ஏறலாமா என்பதற்கு உங்கள் மிஷனின் விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்காமல் ஏறாதீர்கள்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அங்கே இந்தியர்களை "பும்பாய்" என்பார்கள். பல ஊர்களில் மோட்டார் சைக்கிளில் வந்து "ஐந்து ஆறு" வட்டிக்குப் பணம் கொடுத்து வசூலிக்கிறவர்கள் இந்தியர்கள், பெரும்பாலும் பஞ்சாபிகள். ஐந்து வாங்கினால் ஆறாகத் திருப்பித் தர வேண்டும். அதனால் நம் முகத்தைப் பார்த்ததும் சில வீடுகளில் உள்ளே போய்விடுவார்கள், பிள்ளைகள் "பும்பாய் வந்துவிட்டான்" என்று ஓடுவார்கள். நான் இருந்த பகுதியிலும் இது நடந்தது. மனசில் குத்தத்தான் செய்யும். கோபப்படாமல், பெயர் அட்டையைக் காட்டி, சிரித்த முகத்தோடு டகாலோக்கில் இரண்டு வார்த்தை பேசுங்கள். அந்த மொழியைக் கேட்டதுமே முகம் மாறிவிடும். பயந்து உள்ளே போன அக்காவே அடுத்த முறை நாற்காலி எடுத்துப் போட்ட வீடுகள் உண்டு. கடன்பட்டு வாழ்கிறவர்களின் பயம் அது, உங்கள் மேல் உள்ள வெறுப்பு இல்லை என்று நினைத்துக்கொண்டால் அடுத்த வாசலுக்குப் போகத் தெம்பு வரும்.

மறுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்று சொல்வது குறைவு. "அடுத்த வாரம் வாருங்கள்" என்பார்கள், போனால் வீடு பூட்டியிருக்கும். இரண்டு முறை அப்படி நடந்தால் அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டு, அவர்களைச் சங்கடப்படுத்தாமல் விட்டுவிடுங்கள். வீட்டில் குழந்தை இயேசுவின் சொரூபமும் மெழுகுவர்த்தியும் இருக்கும். அதற்கு முன்னால் மரியாதையோடு நடந்துகொள்ளுங்கள். மற்றச் சபைக்காரர்கள் விவாதத்துக்கு இழுத்தால் போகாதீர்கள். விவாதத்தில் ஜெயித்து யாரும் யாரையும் விசுவாசத்துக்குள் கொண்டுவந்ததில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஞானஸ்நானம் என்ற பேச்சே எடுக்கக் கூடாது.

இன்னொரு சிக்கல் சீக்கிரமே எதிர்ப்படும். முஸ்லிம்களைத் தவிர மற்றவர்களுக்கு அந்த நாட்டில் விவாகரத்துச் சட்டம் இல்லை. முதல் திருமணம் முறிந்து, வேறொருவரோடு பிள்ளைகள் பெற்று வாழ்கிறவர்கள் மறுமணம் செய்ய வழியில்லாமல் இருப்பார்கள். திருமணத்தைச் செல்லாததாக அறிவிக்கக் கோரி நீதிமன்றம் போகலாம், ஆனால் அந்தச் செலவு ஏழைகளுக்கு எட்டாது. நம் சபையில் திருமணம் இல்லாமல் சேர்ந்து வாழ்கிறவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. இந்த நிலையில் உள்ள ஒரு குடும்பம் உங்கள் பாடங்களைக் கண்ணீரோடு கேட்கும். அவர்களுக்கு நீங்கள் தீர்ப்பும் சொல்லாதீர்கள், வாக்குறுதியும் கொடுக்காதீர்கள். விஷயத்தை மிஷன் தலைவர் வரை கொண்டுபோங்கள். அதுவரை அந்தக் குடும்பத்தைப் பார்க்கப் போவதை நிறுத்தாதீர்கள்.

சாப்பாடு

மூன்று வேளையும் சோறு, அதனால் வயிறு வாடாது. முருங்கைக் கீரை உண்டு, அங்கே மலுங்காய் என்பார்கள். பாகற்காய், வெண்டைக்காய், கத்தரிக்காய், பாசிப்பயறு எல்லாம் சந்தையில் கிடைக்கும். சினிகாங் என்னும் புளிப்புச் சாறு கிடைத்தால் விடாதீர்கள், ரசத்துக்கு ஏங்கும் நாக்குக்கு அது சொந்தக்காரன் போல. காரம்தான் குறைவு. சைவமாகவே வளர்ந்தவர்களுக்கு உண்மையில் கஷ்டம். காய்கறி என்று வைப்பதிலும் பன்றி இறைச்சித் துண்டோ, பகோவோங் என்னும் மீன் அல்லது இறால் ஊறலோ கலந்திருக்கும். கிளம்புமுன்பே மிஷன் தலைவருக்கு எழுதித் தெரிவித்துவிடுங்கள், வீட்டில் நீங்களே சமைத்துக்கொள்ளுங்கள்.

யார் வீட்டுக்குப் போனாலும் "காயின் தாயோ", சாப்பிடலாம் வாங்க, என்பார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னால் அது பெரும்பாலும் உபசாரம். நன்றி சொல்லி மறுக்கலாம். உங்களுக்கென்றே தட்டு வைத்துவிட்டால் மறுக்கக் கூடாது. அளவாக எடுத்துக்கொள்ளுங்கள், அந்தப் பானையில் இருப்பதுதான் அந்தக் குடும்பத்தின் இரவுச் சாப்பாடாக இருக்கலாம். கரண்டியும் முள்கரண்டியும் வைப்பார்கள். கையால் சாப்பிடும் வழக்கமும் உண்டு, வீட்டார் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள்.

விருந்தாளிக்கு உடனே வருவது காபி. நம் சபையில் காபி, தேநீர், மது மூன்றும் விலக்கு. "ஹிந்தி போ காமி உமீயினோம் நாங் காபே" என்று சிரித்துக்கொண்டே சொல்லி, தண்ணீர் போதும் என்று கேளுங்கள். மைலோ இருந்தால் அதுவும் சரி. ஜாடியில் கலந்து வைக்கும் ஐஸ் டீயும் தேநீர்தான், அதையும் தவிர்க்க வேண்டும். சாயங்காலம் தெருமுனையில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒரே கிளாஸில் குடித்துக்கொண்டிருப்பார்கள், உங்களையும் அழைப்பார்கள். ஒரு கும்பிடு, ஒரு புன்னகை, நிற்காமல் நடை.

மழை, புயல்

ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். வானிலைத் துறை 1 முதல் 5 வரை எச்சரிக்கை எண் அறிவிக்கும். மிஷனிலிருந்து தகவல் வந்ததும் சொன்ன இடத்தில் சொன்னபடி இருக்க வேண்டும். மூன்று நாளைக்குத் தேவையான தண்ணீர், சமைக்காமல் சாப்பிடும் உணவு, டார்ச், மருந்து, பாஸ்போர்ட் நகல் எல்லாம் ஒரு பையில் எப்போதும் தயாராக இருக்கட்டும். 2013 நவம்பரில் யோலாண்டா புயல் தக்லோபான் நகரைச் சிதைத்தபோது அங்கிருந்த மிஷனரிகள் அனைவரும் உயிர் பிழைத்து, வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். முன்னெச்சரிக்கையை மதிப்பது விசுவாசக் குறைவு இல்லை.

வெள்ளத் தண்ணீரில் நடக்காதீர்கள். எலிக்காய்ச்சல் அதில்தான் வருகிறது. தவிர்க்க முடியாமல் நடந்துவிட்டால் வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, காலில் காயம் இருந்தால் அன்றே சுகாதாரப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். தடுப்பு மருந்து வேண்டுமா என்று மருத்துவர் முடிவுசெய்வார்.

வீட்டு நினைப்பு

வரும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் கனமாக வரும். பொங்கலோ கிறிஸ்துமஸோ அண்ணன் கல்யாணமோ நடுவில் வந்தால் இன்னும் கனக்கும். முன்பெல்லாம் வாரம் ஒரு மின்னஞ்சல், ஆண்டுக்கு இரண்டு தொலைபேசி அழைப்பு மட்டும். 2019 பிப்ரவரி முதல் ஒவ்வொரு ஆயத்த நாளிலும் குடும்பத்தோடு பேசலாம், முகம் பார்த்தும் பேசலாம். அங்கே நேரம் இந்தியாவையும் இலங்கையையும் விட இரண்டரை மணி முந்தியது. அங்கே காலை ஒன்பதரை என்றால் இங்கே ஏழு மணி. அப்பா வேலைக்குக் கிளம்புமுன் பிடித்துவிடலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அந்த அழைப்பில் கடன் பிரச்சினை, சொந்தக்காரர் சண்டை எல்லாம் கொட்டாதீர்கள். பிள்ளை அதை ஒரு வாரம் சுமக்கும், செய்ய எதுவும் இருக்காது. "சாப்பிட்டியா?" என்பதோடு நிற்காமல், யாரைச் சந்தித்தாய், என்ன சொல் கற்றுக்கொண்டாய் என்று கேளுங்கள். பிள்ளை அழுதால் உடனே "வந்துவிடு" என்றும் சொல்லாதீர்கள், "அழக் கூடாது" என்றும் சொல்லாதீர்கள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருங்கள்.

மிஷனரிக்கு: தூக்கம் வராமல், சாப்பிட முடியாமல், காரணமில்லாத பயம் பல நாள் தொடர்ந்தால் அது வெறும் வீட்டு நினைப்பு இல்லை. தலைவரிடம் சொல்லுங்கள், ஆலோசகரோடு பேச வழிசெய்வார். உடம்போ மனமோ முடியாமல் முன்கூட்டியே வீடு திரும்பியவர்களும் ஊழியம் செய்தவர்களே. அவர்களை நம் சபைக் கிளைகளில் குறைவாகப் பார்க்கும் பழக்கம் நிற்க வேண்டும்.

ஞாயிறும் சபையாரும்

முதல் ஞாயிறே உங்களைப் பேசச் சொல்லலாம். பெயர், ஊர், குடும்பம், ஒரு சின்ன சாட்சி, இவ்வளவையும் அந்த மொழியில் எழுதி மனப்பாடம் செய்துவையுங்கள். கூட்டம் முடிந்ததும் ஓரமாக நிற்காமல் ஆயரிடமோ கிளைத் தலைவரிடமோ போய், "எந்தக் குடும்பத்தை நாங்கள் போய்ப் பார்த்தால் உங்களுக்கு உதவியாக இருக்கும்?" என்று கேளுங்கள். சபைக்கு வருவதை நிறுத்திவிட்டவர்களின் பட்டியல் அவரிடம் இருக்கும். தெரியாத கேட்டுகளில் நின்று குரல் கொடுப்பதைவிட அந்த வீடுகளில்தான் உங்கள் முதல் வாரங்கள் நன்றாகப் பயன்படும். தோட்டத்தைக் கொத்தலாம், தண்ணீர் சுமக்கலாம், கூரைத் தகரம் அடிக்கக் கைகொடுக்கலாம். மொழி வராத நாட்களில் கைதான் பேசும்.

ஆறாவது வாரம்

ஆறு வாரத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்ஃபர் அறிவிப்பு, அதாவது யார் எந்த ஊருக்கு மாறுகிறார்கள் என்ற செய்தி, வரும். பயிற்சி 12 வாரம் என்பதால் புதியவர் பெரும்பாலும் அங்கேயே இருப்பார், ஆனாலும் மாற்றம் வரலாம். வந்தால் ஓரிரு நாள்தான் அவகாசம். தெருமுனைக் கடையில் பாக்கி இருந்தால் அன்றே கொடுத்துவிடுங்கள். சந்தித்துக்கொண்டிருந்த ஒவ்வொருவரைப் பற்றியும் அடுத்து வருகிறவருக்குப் புரியும்படி மிஷனரிகளுக்கான தொலைபேசிச் செயலியில் குறித்துவையுங்கள்: வீட்டுக்கு வழி, எந்த நேரம் இருப்பார்கள், எந்தப் பாடம் வரை வந்திருக்கிறது, யாருக்கு உடம்பு சரியில்லை, எந்தப் பிள்ளைக்குப் பரீட்சை. குளிர்பெட்டியைத் துடைத்து, குளியலறையைக் கழுவி, ஒரு வேளைக்கு அரிசியும் ஒரு கேன் தண்ணீரும் விட்டுவிட்டுப் போங்கள். வருகிறவர் இரவில் களைத்து வந்து சேர்வார்.